கடைசியாக ஏறியவர்

நாற்பது நாடுகளின் தூதர்கள் பிற்பகல் மூன்று மணிக்கு ஒன்றாகத் தூங்கப் போகிறார்கள். இன்னாசி பர்னாந்துவுக்கு மட்டும் இரண்டு நாளாகப் பொட்டுத் தூக்கம் இல்லை.

ஏரிக்கரையில் நின்ற அந்தக் கண்ணாடிக் கட்டடத்தின் பெயர் நாற்பது நாடுகள் மன்றம். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லாமல், ஒவ்வொரு பொட்டும் யோசித்து யோசித்து இறங்குவதுபோல் விழுந்தது. இன்னாசி சங்குமுனைக் குடியரசின் தூதர். குடியரசு என்பதெல்லாம் இப்போது பேச்சுக்குத்தான். பதினொரு தீவுகள், எட்டு லட்சம் ஜனங்கள். ஏழு வாரத்துக்கு முன்னால் கடற்படைத் தளபதி நாடாளுமன்றத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டு அரியணை மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எதிர்த்துக் கூடிய ஜனங்கள் தலைநகரின் படகுத்துறையில் நின்றபோது கடலிலிருந்து குண்டு விழுந்தது. முப்பத்தொரு பேர் போனார்கள்.

"படகுத்துறையிலா? அங்கே ஒன்றும் நடக்கவில்லையே" என்றார் தளபதி. சொன்னதோடு நிற்காமல் ஒரு வீடியோவையும் வெளியிட்டார். அதே நாள், அதே துறை, குழந்தைகள் குச்சி ஐஸ் சப்பிக்கொண்டு நிற்கிறார்கள். இன்னாசியிடம் இருந்த வீடியோவில் அதே இடம் எரிந்துகொண்டிருந்தது. இரண்டும் அச்சு அசல் உண்மை போலவே இருந்தன. அந்தக் காலத்தில் எல்லா வீடியோவும் அப்படித்தான் இருந்தன. அதனால்தான் எதையும் எவரும் நம்புவதில்லை.

மன்றம் கடைசியாக நம்பியது ஒன்றை மட்டும்தான்: கனவு.

"கனவை மட்டும் ஏன் நம்புகிறீர்கள்?" என்று இன்னாசி போன வாரம் கேட்டிருந்தார். தூக்கக்கூடத்தைக் கவனிக்கும் டாக்டர் மிரெலா சிரித்தாள். அவள் எந்த மொழியில் பேசினாளோ, காதில் மாட்டியிருந்த மொழிபெயர்ப்புப் பொத்தான் அதை வானொலிச் செய்தி மாதிரி சுத்தத் தமிழில் சொன்னது.

"கனவை எவராலும் தயாரிக்க முடியாது, தூதரே. படம் பிடிக்கவும் முடியாது. ஒருவர் திரும்பத் திரும்பக் காணும் கனவுக்குள் நாங்கள் ஆட்களை அனுப்பலாம், அவ்வளவே. அவர்கள் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவார்கள். எழுந்ததும் கண்டதைச் சத்தியம் செய்து சொல்வார்கள்."

"உள்ளே போனவர்கள் ஏதாவது செய்துவிட்டால்?"

"செய்யக் கூடாது. இருக்கையை விட்டு ஒருவர் எழுந்தாலும் கனவு மாறிவிடும். மாறிய கனவு சாட்சியம் ஆகாது. விண்ணப்பம் அன்றோடு தள்ளுபடி."

"கனவு காண்கிறவருக்கு ஆபத்து இல்லையே?"

மிரெலா கொஞ்சம் தயங்கினாள். "உயிருக்கு இல்லை. ஆனால் ஒரு கரும்பை நாற்பது பேர் மென்றால் என்ன மிஞ்சும்? அந்தக் கனவு அவருக்கு அதற்குப் பிறகு வராது. ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் அவரிடம் சொல்லிவிட்டீர்கள்தானே?"

இன்னாசி தலையை ஆட்டிவைத்தார். அந்தத் தலையாட்டல்தான் இரண்டு நாளாக அவரைத் தூங்கவிடவில்லை.

சாட்சியின் பெயர் பிரகாசியம்மாள். தலைநகருக்கும் உப்புத்தீவுக்கும் நடுவே ஓடும் 'ஆரோக்கியம்' என்ற பயணிகள் படகை ஓட்டும் சுக்கான்காரி. வயது நாற்பத்தேழு. தீவுகளிலிருந்து தப்பி வந்த அறுநூறு பேரை மிரெலாவின் ஆட்கள் சோதித்துப் பார்த்ததில், மாறாமல் ஒரே கனவைக் காண்கிற ஒரே ஆள் அவள்தான். மத்தியானம் சோறு தின்று கண் அசந்தால் போதும், படகுத்துறையும் அவளுடைய மகள் ஜெனோவாவும் வந்துவிடுவார்கள். ஜெனோவாவுக்குப் பதினேழு வயது. முப்பத்தொரு பேரில் ஒருத்தி.

மகளை அவள் இனிமேல் பார்க்கிற ஒரே இடம் அதுதான். அதைத்தான் இன்னாசி நாட்டுக்காக வாங்க வந்திருந்தார், விலையைச் சொல்லாமல்.

*

சாப்பாட்டு அறையில் பிரகாசி ஒரு வயதான வெள்ளைக்காரியுடன் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் இன்னாசி வாசலிலேயே நின்றுவிட்டார். அது வெஸ்மார் நாட்டுத் தூதர் ஹெல்விக் அம்மையார். எழுபத்தொரு வயது, கையில் ஊன்றுகோல். தளபதியின் பீரங்கிப் படகுகளைக் கட்டிக் கொடுத்த நாடே வெஸ்மார்தான். தளபதியை இறக்க மன்றத்தின் கப்பல்களை அனுப்பும் தீர்மானம் நிறைவேற இருபத்தேழு ஓட்டு வேண்டும். இன்னாசியின் கையில் இருபத்தாறு இருந்தது. ஹெல்விக் எதிர்த்து ஓட்டுப் போடப்போவது ஊரறிந்த விஷயம்.

"வாங்கய்யா" என்றாள் பிரகாசி. "இந்த அம்மா நம்ம படகைப் பத்திக் கேக்காக. எத்தனை பேர் ஏறலாம், எந்நேரம் புறப்படும்னு."

"எந்நேரம் புறப்படும் என்பதற்குத்தான் சரியான பதில் வரவில்லை" என்றார் ஹெல்விக். காதுப் பொத்தான் அவரையும் செய்தி வாசிக்க வைத்தது.

"மணி அடிச்சாப் புறப்படும். ஆனா துறையில யாராச்சும் ஓடி வந்தா நிக்கும். அவுகள விட்டுட்டு எடுக்கக் கூடாது. அது எங்க ஊரு வழக்கம். ஏறுற பலகைகிட்ட ஒரு சீட்டு இருக்கு. கடைசியா யார் ஏறுதாகளோ அவுகதான் அதுல உக்காரணும். பின்னால ஓடி வாறவங்களுக்கு அவுக கை குடுக்கணும். சின்னப் பிள்ளைன்னாலும் சரி, பிஷப்புன்னாலும் சரி."

"மூட்டு வலி உள்ள கிழவி என்றால்?"

"அதுக்குத்தான் சீக்கிரமா வந்து ஏறணும்."

ஹெல்விக் சத்தமில்லாமல் சிரித்தார். "நான் எதற்கும் சீக்கிரம் போனதில்லை. தூக்கத்துக்குக்கூட. மாத்திரை போட்டாலும் எல்லாருக்கும் பிறகுதான் எனக்குக் கண் மூடும்."

ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு அவர் போனதும் இன்னாசி எதிரில் உட்கார்ந்தார்.

"அந்தம்மா நமக்கு எதிரி, தெரியுமா?"

"தெரியும். பிஸ்கட்டைப் பாதி எனக்குப் பிட்டுக் குடுத்தாக."

"பிரகாசியம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். முன்னாலயே சொல்லியிருக்கணும்."

சொன்னார். கரும்பையும் பதினோராம் பக்கத்தையும் சொன்னார். பிரகாசி மேசை மேல் சிந்தியிருந்த பிஸ்கட் தூளை ஒவ்வொன்றாக விரலில் ஒற்றி எடுத்தாள்.

"அப்ப இனிமே வரமாட்டா."

"வரமாட்டா."

"எப்ப இருந்து தெரியும் உங்களுக்கு?"

"ஒரு வாரமா."

"நல்லா இருக்கய்யா உங்க தூதர் வேலை" என்றாள். கோபம்கூட இல்லாமல் சொன்னதுதான் சுட்டது. "சரி, நானும் ஒண்ணு மறைச்சிருக்கேன். கேளுங்க. குண்டு விழும்போது நான் நடுக்கடல்ல நின்னேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேம்லா? அது பொய். துறையிலதான் நின்னேன். படகுல அறுபது பேர் இருக்காக. கைக்குழந்தைய வச்சிக்கிட்டு ரெண்டு பேர். சாம்பல் கலர்ல பதினேழுன்னு நம்பர் போட்ட கடற்படைப் படகு பீரங்கியத் திருப்புது. அந்நேரம் பாத்து இவ துறையில ஓடி வாறா. ஒரு கால்ல செருப்பு இல்ல. கையில டப்பா."

இன்னாசி நாற்காலியை மேசையோடு நெருக்கி இழுத்தார்.

"நான் மணிய அடிச்சு எடுத்துட்டேன். இருபத்திரெண்டு வருசத்துல ஒருத்தர விட்டுட்டு எடுத்ததில்ல. பெத்த பிள்ளைய விட்டுட்டு எடுத்தேன். கனவுலயும் அதேதான். அவ ஓடி வருவா, படகுல கை குடுக்க ஒரு ஆள் இருக்காது, எனக்குச் சுக்கான விட முடியாது. எடுத்துருவேன். தினம் எடுத்துருவேன். ஆனா அவ முகம் தெரியுமே, அது போதும்னு இருந்தேன்."

ஜன்னலுக்கு வெளியே பனி இன்னும் யோசித்துக்கொண்டே இறங்கியது.

"வேண்டாம்னு சொல்லிருங்க. நான் மன்றத்துல போய்ச் சொல்லிக்கிடுதேன்" என்றார் இன்னாசி. அதை அவர் மனசாரத்தான் சொன்னார். சொன்ன மறுகணமே, பூட்டிய நாடாளுமன்றமும் தளபதியின் சிறையில் கிடந்த தன் தம்பியும் கண்முன் வந்து நின்றார்கள்.

பிரகாசி எழுந்தாள். "துறையில இன்னும் ஆளுக நிக்காகல்லா? அடுத்த குண்டுக்கு? செய்வோம். ஆனா ஒண்ணு. அவுகளோட தூங்குறதுக்கு முன்னால நான் தனியா ஒரு தடவை தூங்கிக்கிடுதேன். ஒரு அரைமணி நேரம்."

மூன்று மணிக்குத் தூக்கக்கூடத்தில் நாற்பது கட்டில்களில் நாற்பது தூதர்கள் காலணிகளைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மன்றத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தை. பிறகு இன்னாசியை.

"எதற்காகக் காத்திருக்கிறோம், தூதரே?"

"ஒருத்தர் வந்துகொண்டிருக்கிறார், ஐயா" என்றார் இன்னாசி.

பக்கத்து அறை சோபாவில் பிரகாசி கண்ணை மூடிக் கிடந்தாள். மூன்றரைக்கு வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

"வந்தாளா?" என்று இன்னாசி மெதுவாகக் கேட்டார்.

"தூக்கமே வரலய்யா. உங்க நாற்பது பேரோட சேந்துதான் வருவா போல."

*

தலையணையில் தலை பட்டதும் இன்னாசி தூங்கிவிட்டார். இரண்டு நாள் கடன் அது. எல்லாருக்கும் முதலில் அவர்தான் போய்ச் சேர்ந்தார்.

கண் திறந்தபோது 'ஆரோக்கியம்' படகில், சுக்கானுக்குப் பக்கத்தில், முதல் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். டீசலும் கருவாடும் கலந்த வாடை. கடல் அசையவில்லை. பால் ஆறிய பாத்திரம் மாதிரி மேலே மெல்லிய ஆடை படிந்து கிடந்தது. வானத்துக்கு நிறமே இல்லை. பிரகாசி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு மேலே கையகலக் கண்ணாடி ஒன்று தொங்கியது, பின்னால் பலகையைப் பார்ப்பதற்காக.

ஒவ்வொருவராகத் தூங்கத் தூங்க, ஒவ்வொருவராகப் படகில் வந்து அமர்ந்தார்கள். கோட்டும் டையும் போட்டவர்கள், காலில் வெறும் காலுறை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. இருக்கைகள் முன்னாலிருந்து பின்னால் நிறைந்துகொண்டே போயின. கடைசியில் பலகையோரம் ஒரே ஒரு இடம் மிஞ்சியது. நெடுநேரம் காலியாகவே கிடந்தது. பிறகு அதில் ஹெல்விக் அம்மையார் இருந்தார்.

துறையில் ஜெனோவா ஓடி வந்தாள்.

ஒரு காலில் செருப்பு இல்லை. மார்போடு அணைத்த அலுமினிய டப்பா. அவள் ஓட ஓடத் துறை நீண்டது. மரப்பலகைகள் ஒவ்வொன்றாகப் பிறந்து அவள் காலடியில் வந்து விழுந்தன. சாம்பல் நிறப் படகு ஒன்று ஓசையில்லாமல் திரும்பியது. அதன் உடம்பில் பதினேழு என்ற எண். நாற்பது பேரும் அந்த எண்ணைப் பார்த்தார்கள். இன்னாசி வந்த வேலை அதோடு முடிந்தது.

ஆனால் அவர் கண்ணாடியில் பிரகாசியின் முகத்தைப் பார்த்துவிட்டார். நாட்டை மறந்தார், பதினோராம் பக்கத்தையும் மறந்தார். எழப் போனார். அத்தனை பேரையும் தாண்ட வேண்டும். படகு முழுவதும் முழங்கால்கள். முதலில் தூங்கியவருக்குக் கடைசி வரிசை எட்டாது.

பிரகாசியின் கை மணிக் கயிற்றுக்குப் போனது.

அப்போதுதான் ஒரு ஊன்றுகோல் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. ஹெல்விக் அம்மையார் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். பலகையில் ஒரு காலை வைத்தார். கையை நீட்டினார்.

துறை நீள்வதை நிறுத்தியது.

கண்ணாடிக்குள் பிரகாசி அதைப் பார்த்தாள். ஜெனோவா படகில் குதித்தாள், மூச்சு வாங்கினாள், கிழவியின் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தாள். மணி அடித்தது. பால் ஆடை இரண்டாகக் கிழிய, படகு நகர்ந்தது.

*

"கண்டதைக் கண்டபடி சொல்லுங்கள்" என்றார் மன்றத் தலைவர். அவருடைய காலுறை ஒன்று கழன்று தொங்கியது, கவனிக்கவில்லை. "ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி. பதினேழு என்று எண்ணிட்ட படகைக் கண்டீர்களா? உள்ளே எவராவது இருக்கையை விட்டு எழுந்தார்களா?"

ஒரே ஒருவர் உண்மையைச் சொன்னால் போதும், சங்குமுனை தீர்ந்தது.

முதல் கட்டிலில் இருந்தவர் தளபதிக்கு நண்பர் என்று பெயரெடுத்த ஒரு பாலைவன நாட்டுத் தூதர். நெடுநேரம் தன் உள்ளங்கையையே பார்த்தார்.

"கண்டேன். எவரும் எழவில்லை."

இரண்டாமவர். "கண்டேன். எழவில்லை."

மூன்றாமவர். நான்காமவர். கூடம் முழுவதும் அந்தப் பொய் கட்டிலுக்குக் கட்டில் நடந்து போனது, விழுந்துவிடக் கூடாத எதையோ கை மாற்றிக் கை மாற்றிக் கொடுப்பதுபோல. எதற்குமே ஒத்துப் போகாத நாடுகள். மீன்பிடி எல்லைக்காகப் பன்னிரண்டு வருஷம் பேச்சு வார்த்தை நடத்தியவர்கள். இன்னாசியின் முறை வந்தது. சத்தியம் செய்து பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். பக்கத்துக் கட்டிலிலிருந்து பிரகாசி புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழவில்லை" என்றார்.

கடைசியாக ஹெல்விக்.

"என் முழங்கால் எலும்பு எழும்போது போடும் சத்தம் இந்த மன்றத்துக்கே தெரியும்" என்றார் அவர். "நான் எழுந்திருந்தால் உங்களுக்குக் கேட்காமலா இருந்திருக்கும், தலைவரே?"

தலைவர் பேனாவை மூடினார். அவரும் அந்தப் படகில்தான் இருந்தார், நாலாவது வரிசையில். "எனக்கு ஒன்றும் கேட்கவில்லை" என்றார்.

ஓட்டெடுப்பில் இருபத்தேழு பச்சை விளக்கு எரிந்தது. இருபத்தேழாவது எது என்று யாரும் கேட்கவில்லை. மறுநாள் வெஸ்மார் அரசாங்கம் ஹெல்விக் அம்மையாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

ஓட்டெடுப்பு நடந்த அன்று சாயங்காலம் பிரகாசி ஏரியைப் பார்த்து நின்றாள்.

"ஒண்ணுமே ஞாபகமில்லய்யா. வெளுத்த துணி மாதிரி இருக்கு. எல்லாரும் பாத்தாகளா? நான் விட்டுட்டுப் போனதை?"

"நீங்க விட்டுட்டுப் போகலம்மா. ஜெனோவா ஏறிட்டா. ஹெல்விக்கம்மா கை குடுத்தாங்க. என் கண்ணால பாத்தேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு வாரம் மறைச்சவுக நீங்க. இப்ப ஆறுதலுக்குச் சொல்லுதிய. போட்டும், விடுங்க."

*

மன்றத்தின் கப்பல்கள் பத்தொன்பது நாளில் சங்குமுனைக்கு வந்தன. ஒரு குண்டும் வெடிக்கவில்லை. பதினேழாம் எண் படகைத் துறைமுகத்தில் கட்டிப்போட்டார்கள். நாடாளுமன்றத்தின் பூட்டை ஒரு கொல்லர் வந்து அறுத்தார். இன்னாசியின் தம்பி பத்து கிலோ இளைத்து வீடு வந்தான். 'ஆரோக்கியம்' மறுபடியும் ஓடியது.

எட்டு மாதம் கழித்து, விடுமுறையில் வந்த இன்னாசி ஒரு காலை வேளையில் படகுத்துறைக்கு வந்தார். கையில் முத்திரை வைத்த சாக்குப் பை. தூதரகங்கள் ரகசியக் கடிதம் அனுப்பும் பை. உப்புத்தீவுக்குப் போகும் படகு புறப்படும் நேரம். அவர்தான் கடைசியாக ஏறினார். பலகையோர இருக்கையில் உட்கார்ந்து பையைப் பிரித்தார்.

"என்னய்யா அது?" என்றாள் பிரகாசி, சுக்கானிலிருந்து திரும்பாமல்.

"உங்களுக்கு வந்ததுதான். பையில மட்டும் முப்பத்தெட்டு. எல்லாம் அன்னைக்குப் படகுல இருந்தவங்க எழுதினது. மத்தியானம் கண் அசந்தா அந்தப் படகு வருதாம் அவங்களுக்கு. என்னையும் சேத்து நாற்பது பேருக்கும்."

சுக்கானுக்கு மேலே தொங்கிய கண்ணாடியில் பிரகாசியின் கண் மட்டும் தெரிந்தது.

"பாலைவன நாட்டுக்காரர் எழுதுறாரு: படகு இன்னும் கரை சேரலயாம். அவ தலைமுடி நுனியைக் கடிச்சிக்கிட்டே கடலைப் பாக்காளாம்."

"எல்லாப் பிள்ளையும் கடிக்கத்தான் செய்யும்."

"இது ஹெல்விக்கம்மா கடிதம். பையில வரல, சாதாரணத் தபால்ல வந்துச்சு. டப்பாவைத் திறந்து ஜெனோவா அவங்களுக்கும் குடுத்தாளாம். காகிதம் மாதிரி மெல்லிசா நசுக்கின அரிசின்னு எழுதியிருக்காங்க. வெல்லமும் தேங்காயும் போட்டது. நடுவுல ஏலக்காய் வந்தா மட்டும் பொறுக்கிக் கடல்ல எறியுதாளாம்."

மணிக் கயிற்றைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது.

"அவல்" என்றாள் பிரகாசி. குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. "அன்னைக்குக் காலையில நான் கட்டிக் குடுத்தது. உங்க யாருக்கும் நான் சொல்லலயே. ஏலக்காய் போடாதன்னு சண்டை போட்டுட்டுத்தான் போனா."

படகில் இருந்தவர்கள் புறப்படவில்லையே என்று நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் என்ன எழுதியிருக்கு?"

இன்னாசி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். "'நேற்று அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். அம்மா ஏன் என்னைக் கூப்பிட வரவில்லை என்றாள். அதற்கு நான், உன் அம்மாவால் சுக்கானை விட முடியவில்லை, அதனால்தான் என்னை அனுப்பினாள் என்றேன். நான் சொன்னது சரிதானே, பிரகாசியம்மா?'"

கடல் விடியல் வெளிச்சத்தில் ஆடை கட்டிய பால் மாதிரி இருந்தது.

"அதுக்கு ஜெனோவா என்ன சொன்னாளாம்?"

"ஒண்ணும் சொல்லலயாம். டப்பாவை மடியில வச்சிக்கிட்டு, அவங்க தோள்ல சாஞ்சு தூங்கிட்டாளாம்."

பிரகாசி தலைக்கு மேலே தொங்கிய கண்ணாடியைப் பார்த்தாள். மணிக் கயிற்றிலிருந்து கையை எடுத்தாள்.

"ஐயா, கடிதத்தக் கீழ வைங்க. துறையில யாரோ ஓடி வாறாக. கைய நீட்டுங்க."